பழைய இயந்திரப் பற்று பேதைமையா?

பழைய காரைப் பேணி வைத்திருக்கிறவன் காலத்தோடு ஒட்டத் தெரியாதவன். பழைய விளையாட்டுப் பெட்டியைத் தூசி தட்டிப் பாதுகாக்கிறவன் வயது வந்தும் பிள்ளைப் புத்தி நீங்காதவன். இவ்விரண்டிலும் பணத்தையும் பொழுதையும் செலவிடுவது, போரிலே யாவற்றையும் இழந்து இப்போதுதான் நிமிர்ந்து வரும் வன்னி மண்ணுக்குச் சிறிதும் பொருந்தாத ஆடம்பரம் என்னும் அபிப்பிராயம், இன்று நம்மிடையே கற்றோர் கல்லாதோர் என்ற பேதமின்றி எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்பட்ட சித்தாந்தமாகிவிட்டது. புளியங்குளம் சந்தியின் தேநீர்க் கடைகளிலும், கலியாண வீட்டுப் பந்தல்களிலும், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலும் இதைச் சொல்லக் கேட்கலாம். மறுத்து ஒருவர் பேசக் கேட்பதுதான் அரிது. அந்த மறுப்பைக் காரணகாரியங்களோடு எழுதி வைப்பது அவசியமென்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை அதன் முழு வலிமையோடும் முதலில் எடுத்துரைப்பது மறுப்பவனின் கடமை. புதிய கார் குறைந்த எரிபொருளில் கூடிய தூரம் ஓடுகிறது. விபத்து நேர்ந்தால் காற்றுப்பையும் இருக்கைப் பட்டியும் உயிரைக் காக்கின்றன. கக்கும் புகையும் குறைவு. புதிய விளையாட்டுப் பெட்டி திரையிலே காட்டும் உலகம், முப்பது ஆண்டுகளுக்கு முன் எவரும் கற்பனை செய்திராத தெளிவுடையது. இவற்றை நான் மறுக்கவில்லை; இவற்றிலிருந்து அவர்கள் பெறும் முடிவையே மறுக்கிறேன். ஓர் இயந்திரத்தின் மேன்மையை வேகத்தாலும் வசதியாலும் மாத்திரம் அளந்துவிட்டு, அதை உடையவன் அதைத் திறந்து பார்க்கவும், பழுது நீக்கவும், பிறர் அனுமதியை எதிர்பாராது இயக்கவும் இயலுமா என்ற கேள்வியைக் கேளாமலே விடுவதால், அவர்களுடைய கணக்கு தொடக்கத்திலேயே பிழைத்துப் போகிறது. உடையவனுடைய கைக்கும் அறிவுக்கும் கட்டுப்படும் இயந்திரமே அவனுடைய சொத்து. அவ்வாறு அதைக் கட்டுப்படுத்தும் அறிவு ஒரு சமூகத்தின் சுதந்திரத்துக்கு அங்கமானது. பழைய இயந்திரங்களின் மேல் பற்று வைத்தவர்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்த அறிவைக் காத்து வருகிறவர்கள். என் வாதம் முழுவதும் இவ்வளவே.

இதற்குச் சாட்சி தேடி அந்நிய தேசம் செல்ல வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியிலே முதன்முதல் வெளிவந்த மொறிஸ் மைனரும், 1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ40 சமசெற்றும், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் நம் தீவிலே வந்து குவிந்த காலத்தில், அவை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடப் போகின்றன என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, ஏற்கெனவே உள்ள காரைக் காப்பதொன்றே வழியாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானியக் கார்கள் தெற்கிலே பெருகின. வடக்கிலோ, 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரும் அதனோடு வந்த பொருளாதாரத் தடையும் அந்தப் பழைய பிரித்தானியக் கார்களின் ஆயுளை இன்னுமொரு தலைமுறைக்கு நீட்டித்தன.

அந்தத் தடைக்காலத்தில் நடந்ததை இன்றைய இளைஞர் கதையாகக் கேட்கிறார்கள். அதன் உட்பொருளை ஆராய்வோர் சிலரே. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகங்கள் முதலியன தடைசெய்யப்பட்டிருந்தன. மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டோடும் கொள்ளை விலையோடுமாவது கிடைத்தது. பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுவது எளிதான காரியமன்று. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெயோ சூடேறினாலன்றி ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த இயந்திரத்தை, சிறு மருந்துப் போத்தலிலே பொன்போற் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காமல் முன்கூட்டியே வெடித்து இயந்திரத்தை இடிக்கும் இயல்புடையது. அக்காலத்துக் கார்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவிலே தாழ்ந்திருந்தமையால் அந்த இடியை அவை பொறுத்துக்கொண்டன. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தபடியால், எண்ணெயை அடிக்கடி மாற்ற நேர்ந்தது. பிளக்கிலே படிந்த கரியைச் சுரண்டித் துடைப்பது நித்திய கருமமாயிற்று. தீப்பற்றும் வெப்பம், அமுக்கம், ஆவியாதல், மசகு என்பவற்றின் தத்துவங்களை எந்தக் கல்லூரியிலும் பயிலாத கராஜ்காரர், தம் கையின் அனுபவத்தால் அறிந்து அன்றாடம் பிரயோகித்தனர். வீட்டிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுழற்றி, அதன் டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலியில் செய்தி கேட்ட பிள்ளைகள், மின்சாரம் என்பது எங்கிருந்து வருகிறதென்பதைத் தம் கையின் களைப்பினாலேயே அறிந்துகொண்டார்கள்.

வன்னிக்கு இந்த அறிவு எவ்வளவு இன்றியமையாததாயிருந்தது என்பதற்குப் புளியங்குளமே பிரமாணம். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியும் நெடுங்கேணி செல்லும் பாதையும் சந்திக்கும் இவ்விடம், 1997 மே 13ஆந் திகதி தொடங்கிய இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கையில் மாதக்கணக்காகப் போர்க்களமாயிருந்தது. 2002 ஏப்ரிலில் வீதி திறந்தபோது ஓமந்தையிலே ஒரு தரப்பின் சோதனையும் புளியங்குளத்திலே மறு தரப்பின் சோதனையுமாக வாகனங்கள் வரிசையிலே காத்து நின்றன; 2006 ஓகஸ்டில் வீதி மறுபடியும் மூடுண்டது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் நோயாளியையும் முதியோரையும் நெல்மூட்டையையும் சுமந்து சென்றவை லான்ட்மாஸ்ரரும் உழவு இயந்திரமும் சைக்கிளும் பழைய மோட்டார் சைக்கிளுமே. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின் முள்ளிவாய்க்காலிலே துருவேறிக் குவிந்து கிடந்த வாகனங்களைப் பார்த்தவர் எவரும், இயந்திரத்தின் மேல் அன்பு வைப்பது வன்னியானுக்கு ஆடம்பரம் என்று நாக்கூசாமற் சொல்லமாட்டார். அந்தக் குவியலில் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தைக் கடைசி வரை சுமந்து வந்தது.

இங்கே எதிர்வாதி ஓர் ஆட்சேபத்தைக் கிளப்புவார்: அது இல்லாமையில் பிறந்த திறமை, தடை நீங்கியது, தேவையும் நீங்கியது, துன்பகாலத்து வித்தையை இன்ப காலத்திலும் கொண்டாடுவது துன்பத்தையே கொண்டாடுவதாகாதா என்பார். இந்த ஆட்சேபம் ஆழ்ந்த பதிலுக்கு உரியது. தடையை எவரும் கொண்டாடவில்லை. அது மருந்தையும் உணவையும் மறித்த கொடுமை. ஆயினும், கொடுமையின் நடுவே மனிதர் தேடிக்கொண்ட அறிவு அந்தக் கொடுமைக்குச் சொந்தமன்று, அவர்களுக்கே சொந்தம். அன்றியும், தேவை நீங்கிவிட்டது என்ற கூற்றை நம் கண்ணெதிரே நடந்த சரித்திரமே பொய்யாக்கிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை அந்தக் கதவு மூடியே கிடந்தது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நாடெங்கும் நீண்டு, கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் என்று அளந்து தரப்பட்டன. போர் இல்லை, முற்றுகை இல்லை. அரசாங்கத்தின் கணக்குப் பிழைத்ததே போதுமாயிருந்தது. அந்த ஆண்டுகளிலே கணினிப் பெட்டியின் ஒரு பாகம் பழுதான புதிய கார் மாற்றுப் பாகம் வரும்வரை அசையாமற் கிடக்க நேர்ந்தது. பழைய காரை உடையவனோ தேய்ந்த பாகத்தைக் கடைசல் பட்டறையிலே செய்வித்துக்கொள்ளலாம். தேவை மீண்டும் வராது என்று எந்தத் தீர்க்கதரிசி நமக்கு உறுதி தந்திருக்கிறார்?

இரண்டாவதாக அவர்கள் சொல்வது பணக்கணக்கு. பழைய காரிலே கொட்டும் காசைச் சேர்த்தால் புதியதொன்று வாங்கிவிடலாம் என்கிறார்கள். தீர்வைகளின் பாரத்தால் சாதாரணக் காரும் ஒரு கோடி ரூபாயை நெருங்கியும் தாண்டியும் நிற்கும் இந்நாளில், அந்தக் கூற்றைக் காகிதத்திலே எழுதிப் பார்ப்பவர் யார்? லீசிங்கிலே வண்டி எடுத்தவன் மாதந்தோறும் கட்டும் பணத்தில் பெரும்பகுதி வட்டியாய்ப் போகிறது. மழை பொய்த்து நெல் விளையாத போகத்திலே தவணை தவறினால் வண்டியும் போய்விடுகிறது, கட்டிய பணமும் போய்விடுகிறது. பழைய காருக்குச் செலவிடும் பணமோ நம் ஊர்க் கராஜ்காரருக்கும் கடைசல்காரருக்கும் ஒட்டுவேலை செய்பவருக்கும் கூலியாய் இங்கேயே தங்குகிறது. இங்கிலாந்திலே பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், நீடித்துழைக்கும் காரை வாங்கிச் சிறிது சிறிதாகப் புதுப்பித்து ஆயுள் முழுவதும் வைத்திருப்பதே சிக்கனம் என்ற கொள்கையை 1982இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அக்காருக்கான உதிரிப்பாகங்களைச் செய்விக்கப் பிற்பாடு அவர் நாடி வந்தது நம் இலங்கைத் தொழிலாளரின் கைத்திறனைத்தான். நாம் பேதைமை என்று ஒதுக்குகிற வித்தையை, அக்கார் பிறந்த நாட்டார் விலைகொடுத்துத் தேடி வந்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

காரைப் பற்றிய வாதத்தை ஒருவாறு ஒப்புக்கொள்கிறவர்களும், விளையாட்டுப் பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்ததும் முகஞ்சுளிக்கிறார்கள். கார் சுமை சுமக்கிறது, விளையாட்டுப் பெட்டி எதைச் சுமக்கிறது என்கிறார்கள். விளையாட்டு மனிதனுக்கு அநாவசியமென்றால் கிளித்தட்டும் அநாவசியம், கரப்பந்தாட்டமும் அநாவசியம். அவ்வாறு சொல்ல அவர்களும் துணியார். 1983 ஜூலை 15ஆந் திகதி யப்பானில் வெளிவந்த நின்ரெண்டோவின் பமிகொம் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மசாயுகி உவேமுரா என்ற பொறியியலாளர் வடிவமைத்த அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைற்று. அதில் ஓடிய சுப்பர் மாரியோ புரஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற்றுக்குள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைப்போற் பன்மடங்கு இடத்தைக் கொள்கிறது. அதே நிறுவனத்திலே பணிசெய்து 1989இல் கேம் போய் என்னும் கையடக்கப் பெட்டியை உருவாக்கிய குன்பெய் யொகொய், நன்கு பழகி மலிவாகிப்போன தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்திலே பிரயோகிப்பதே மேன்மை என்ற கொள்கையுடையவர். எளிய சாதனத்தில் உயர்ந்த பயனைப் பெறுவதே கைவினைஞனின் இலட்சணம் என்றால், அந்தப் பெட்டிகள் கைவினையின் உயர்ந்த மாதிரிகள். கசெற்றின் தொடுமுனை கறுத்துப் போனால் அழிறப்பரால் தேய்த்துத் துடைத்தால் மீண்டும் வேலை செய்யும். ஒட்டுவிட்ட இணைப்பை ஈயம் உருக்கிப் பற்றவைக்கலாம். அதைத் திறந்து பார்த்த பிள்ளை ஒரு மின்சுற்றைத் தன் கண்ணாற் கண்டது.

இன்று வருபவற்றின் நிலை என்ன? மோட்டார் ஓட்டத்தையே பொருளாகக் கொண்ட த குறூ என்ற விளையாட்டு, 2014இல் யூபிசொப்ட் நிறுவனத்தால் விற்கப்பட்டது. 2024 மார்ச் 31ஆந் திகதி நிறுவனம் தன் சேவையகங்களை நிறுத்தியபோது, காசு கொடுத்து வட்டு வாங்கியவரும் அதை ஓட்ட முடியாதவராயினர். தனியே விளையாடுவதற்குங்கூட நிறுவனத்தின் சேவையகம் இடைவிடாது விழித்திருக்க வேண்டும் என்று அது கட்டப்பட்டிருந்தமையே காரணம். இதை எதிர்த்து எழுந்த இயக்கத்துக்கு ஐரோப்பாவிலே 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கலிபோர்னியாவில் 2025 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, இணையவழி விளையாட்டையோ படத்தையோ விற்பவர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமையன்று, அனுமதி மாத்திரமே என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்று விதிக்கிறது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 வீதமானவை கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, விளையாட்டு வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023இல் ஆராய்ந்து கண்டது. அவ்விளையாட்டுகளின் பிரதியைப் பழைய கசெற்றிலும் பழைய பெட்டியிலும் வீட்டிலே பாதுகாத்து வைத்திருப்பவன் இல்லையேல், நாற்பது ஆண்டுக் கலையின் பெரும்பகுதி மனித ஞாபகத்திலிருந்தே அழிந்துபோகும். அவனைப் பிள்ளைப் புத்திக்காரன் என்பது, ஏட்டுச்சுவடியைத் தேடிக் காத்த உ. வே. சாமிநாதையரைப் பழம் ஓலை பொறுக்கியவர் என்பதற்கு ஒப்பாகும்.

காரும் விளையாட்டுப் பெட்டியும் இப்படியாக ஒரே விதியின் கீழ் வந்துவிட்டன. காருக்குள் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் இருக்கைச் சூடேற்றியை இயக்குவதற்கு மாதக் கட்டணம் வேண்டுமென்று பிஎம்டபிள்யூ நிறுவனம் 2022இல் சில நாடுகளிலே கேட்டது. வாங்கியோரின் கண்டனம் எழுந்து, அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டது. இந்த வழியிலே சென்றால், நாம் வியர்வை சிந்தி வாங்கும் பொருளிலே நாமே வாடகைக்குக் குடியிருப்போர் ஆவோம். அதைத் தடுக்கும் முயற்சிகளும் உலகிலே நடைபெறுகின்றன: அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 2012இல் காரைப் பழுதுபார்க்கும் உரிமையை மக்கள் வாக்களித்துச் சட்டமாக்கினர், இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையத்தளம் திறந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதற்கென ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. உலகம் சட்டத்தின் மூலம் திரும்பப் பெற முயலும் உரிமையை, நாமோ பழைமை என்று பெயரிட்டு வலிந்து கைவிடுகிறோம்.

பழைய இயந்திரத்தின் குறைகளை மறைப்பது என் நோக்கமன்று. மொறிஸ் மைனரை இன்றைய ஏ9 வீதியின் வேகத்தில் ஓட்டுவது விவேகமாகாது; இருக்கைப் பட்டி பொருத்தி, பிரேக்கைச் செப்பனிட்டு, அதற்குரிய வேகத்திலேயே ஓட்டவேண்டும். புகை கக்கும் இயந்திரத்தைச் செப்பனிடாமல் வீதிக்குக் கொண்டுவருவதும் அயலாருக்குச் செய்யும் துரோகம். காரைக் கண்ணாடி அறையிலே பூட்டி வைத்து, விலையையே அதன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செல்வருக்காகவும் நான் வாதாட வரவில்லை. அவர்கள் பற்று வைத்திருப்பது இயந்திரத்தின் மேலன்று. கையிலே எண்ணெய்க் கறை படிந்தவர்களுக்காகவே பேசுகிறேன்.

இளைஞரின் பொழுது வீணாகிறது என்று வருந்தும் பெரியோருக்கும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகங்கொண்டு, உணவு விடுதியிலே பரிமாறி உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அன்று அவரைப் பார்த்தவர்களும் பொழுதைப் பாழாக்குகிறான் என்றே சொல்லியிருக்கக் கூடும். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கிய அவர், பின்னர் இந்தியாவின் தலைசிறந்த இயந்திர மேதைகளில் ஒருவராக மதிக்கப்பட்டார். யமவுச்சி என்ற யப்பானியர் ஆக்கி 1997இல் வெளிவந்த கிரான் ரூரிஸ்மோ என்ற கார் விளையாட்டைப் பிள்ளைப் பருவத்தில் ஆடி வளர்ந்த ஜான் மார்டன்பரோ என்ற பிரித்தானிய இளைஞர், அவ்விளையாட்டின் போட்டியிலே 2011இல் வென்று, 2013இல் லெ மான் ஓட்டத்தில் உண்மையான காரை ஓட்டித் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற குழுவில் ஒருவரானார். ஆசையோடு ஈடுபடும் கையும் மனமும் எங்கே போய்ச் சேரும் என்பதை முன்கூட்டியே தீர்ப்பிட எவருக்கும் அதிகாரமில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியற் பீடமும் இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் இயங்குகின்றன; தடைக்காலத்தில் கார்களை ஓட்டிக் காத்த முதிய கராஜ்காரர் நம்மிடையே இன்னும் வாழ்கிறார்கள். அவர்களை அங்கே அழைத்து மாணாக்கர் முன்னே இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டச் செய்து, அவர்கள் அறிவை எழுத்திலும் படத்திலும் பதிந்து வைக்க வேண்டும். அவர்கள் மறைந்தால் அந்த அறிவும் மறையும். விற்கும் பொருளுக்குப் பழுதுபார்க்கும் கைநூலையும் பாகங்களையும் விற்பவர் தந்தே தீரவேண்டுமென்ற சட்டத்தை நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திலே கேட்க வேண்டும். வாங்குகிற ஒவ்வொருவரும், இது எவ்வளவு வேகமாய் ஓடும் என்று கேட்பதற்கு முன்னே, இது நின்றுபோனால் நம் ஊரிலே இதைத் திறந்து பார்க்க ஆளுண்டா என்று கேட்கப் பழக வேண்டும். பழைய காரைப் பேணுகிறவனையும் பழைய பெட்டியைப் பாதுகாக்கிறவனையும் பரிகசிப்பதை இன்றோடு விட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர்களிடம் சென்று கற்றுக்கொள்ளுங்கள் என்று இவ்வூர்ப் பெரியோரை வணக்கத்தோடு வேண்டுகிறேன். மற்றொரு நெருக்கடி வந்து சந்தியிலே வாகனங்கள் ஓய்ந்து நிற்கும் நாளில், நமக்கு வழிகாட்டப் போகிறவர்கள் அவர்களே.